ஒரு தொட்டிக்குத்தான் இடம்: குண்டுமல்லியா, பிச்சியா?

இரண்டுமே ஜாஸ்மினம் பேரினம்தான், ஆலிவ் மரத்தின் குடும்பம். ஆனால் இனம் வேறு: குண்டுமல்லி ஜாஸ்மினம் சாம்பக், பிச்சி (ஜாதிமல்லி) ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம். தாவரங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸே 1753-இல் சாம்பக்கைப் பவழமல்லியின் பேரினத்தில்தான் சேர்த்தார். ஆகவே நர்சரியில் குழம்பினால் வெட்கப்பட வேண்டாம்.

இலை: மல்லிக்குக் காம்புக்கு ஒரே இலை, வட்டமாக, தடிப்பாக. பிச்சிக்கு வேப்பிலைபோல ஒரே ஈர்க்கில் சிற்றிலைகள் வரிசையாக. பூக்காத கன்றையும் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

மொட்டு: மல்லி உருண்டை, சுத்த வெள்ளை. பிச்சி ஒல்லி, வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு தீற்றியிருக்கும்.

இடம்: மல்லி புதராக அடங்கும். பிச்சி கொடியாக ஓடும், கம்பி கட்டித் தர வேண்டும்.

வெயில்: இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும்.

கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது): மல்லிக்கு நவம்பர் கடைசி. பிச்சிக்கு அதற்கு ஒரு மாதம் பின்னால்.

பூ: மல்லி கோடையில் கொட்டும், மார்கழியில் ஏமாற்றும். காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் தலையில் விரியும். பிச்சி மழைக்காலத்திலும் பூக்கும், சீக்கிரம் வாடும். ஆனால் வாசனைத் தைல ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன.

தொடுத்துச் சூடத்தான் என்றால் குண்டுமல்லி. கைப்பிடிக் கம்பியில் படரவிட்டு, இரவில் வாசம் வந்தால் போதும் என்றால் பிச்சி. என் மாடியில் பிச்சிதான், பூ தொடுக்க எனக்கு வராது.