வெர்னிக்கேயும் கோர்சகாஃபும்

வெர்னிக்கே, கோர்சகாஃப் என்னும் இரண்டு மூளைக் கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: தயமின் என்னும் வைட்டமின் பி1 பற்றாக்குறை. வெர்னிக்கே சட்டென்று தாக்கும். கண்விழி துடிக்கும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். குடிகாரர் என்று லிட்டில் இந்தியா நடைபாதையில் நாம் ஒதுங்கிப் போகிறோமே, அவருக்கு இதுவாகவும் இருக்கலாம். உடனே தயமினை ஊசிவழி ஏற்றினால் கண் அசைவு சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்கும். சிங்கப்பூருக்கு இது புதிதன்று. ஜப்பானியர் காலத்தில், தீட்டிய அரிசியே கதியென்று கிடந்த போர்க்கைதிகளில் 52 பேரிடம் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். மதுவுக்கு வழியே இல்லாத முகாம் அது; குடிக்காதவருக்கும் இது வரும்!

கோர்சகாஃப் பெரும்பாலும் முன்னதைக் கவனிக்காமல் விட்டதன் மிச்சம். பேச்சு தெளிவாக இருக்கும்; புது நினைவு மட்டும் தங்காது. வீட்டில் புட்டு சாப்பிட்டவர், "தேக்காவில் தோசை சாப்பிட்டேன்" என்று நம்பிச் சொல்வார். பொய்யன்று, மூளை இடைவெளியை நிரப்புகிறது. கோர்சகாஃபுக்குத் தயமின் ஊசி அவ்வளவாக எடுபடாது.