மாமல்லபுரத்துப் பாறைக்கு முன்னால் ஓர் ஓவிய வகுப்பு

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓவிய வகுப்புக்குப் போனாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்க வேண்டும். கை நன்றாகத் திருந்தியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் "இந்தப் படத்தில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்டால் அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அதனால்தான் போன ஞாயிறு மாமல்லபுரத்தில் நடந்த அரை நாள் வகுப்பில் சேர்த்தேன். தலைக்கு 600 ரூபாய்.

முதல் ஒரு மணி நேரம் யார் கையிலும் பென்சில் இல்லை. அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய புடைப்புச் சிற்பப் பாறைக்கு எதிரே உட்காரவைத்து, பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள் என்றார் மிஸ். அப்புறம் மூன்றே கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைக் கவனித்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய முறை இது.

ஒரு பையன் "யானை ஊர்வலம்" என்றான். எதைப் பார்த்து என்று கேட்டதும் மறுபடி பார்த்தான், பறக்கிறவர்களும் யானைகளும் எல்லாருமே நடுவில் இருக்கிற பிளவைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று அவனே சொன்னான். பிளவுக்குள் நாகங்கள். "அங்க தண்ணி ஓடுச்சா மிஸ்?" என்றாள் ஒரு சிறுமி. பாறை உச்சியில் தொட்டி இருந்து அங்கிருந்து தண்ணீர் விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதை அதற்குப் பிறகுதான் மிஸ் சொன்னார். இந்த வரிசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்பவர் சிவனிடம் ஆயுதம் வேண்டித் தவமிருந்த அர்ச்சுனனா, கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதனா? மிஸ் தீர்ப்பு சொல்லாமல் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டார். பக்கத்தில் நிற்கும் சிவனையும் வேடர்களையும் காட்டியது ஒரு கட்சி, பிளவையும் கீழே குடம் சுமந்து வருகிறவரையும் துணியைப் பிழிகிறவரையும் காட்டியது இன்னொன்று. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி செதுக்கியதைப் பத்து வயதுப் பிள்ளைகள் கடிதம் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார்கள். யானைக்குக் கீழே அந்தத் தவசி மாதிரியே முன்கால்களைத் தூக்கி நிற்கிற பூனையையும் அதைச் சுற்றி இருக்கிற எலிகளையும் கண்டதும் ஒரே சத்தம். "எலிங்க ஓடல, அப்போ பூனை நிஜமாத்தான் தவம் பண்ணுது" என்றாள் என் மகள். "ஓடல, அதான் ஏமாந்துடுச்சுங்க" என்றான் பக்கத்துப் பையன்.

குறையும் உண்டு. 28 பிள்ளைகளுக்கு ஒரே மிஸ், பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லை. பாறை கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சத்தில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். ஒன்பதரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறிவிடுகிறது, ஏழு மணிக்கே ஆரம்பிக்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாறையைப் பார்க்க டிக்கெட் கிடையாது.

கடைசி முக்கால் மணி நேரம், எழுத்தே இல்லாமல் ஒரு செய்தியை வரைந்து முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். என் மகள் நீளமான பெஞ்சு ஒன்றின் ஓரத்தில் ஒரு டிபன் பாக்ஸ் வரைந்தாள். பக்கத்துப் பையன் பார்த்துவிட்டு, "ஒருத்தங்க லீவா?" என்றான். இல்லை என்று தலையாட்டினாள். "அவனுக்குப் புரிய எதை மாற்றலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மிஸ் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, பெஞ்சின் மறுகோடியில் இன்னொரு டிபன் பாக்ஸ் வரைந்து, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "சண்டையா?" என்றான் பையன். ஆமாம் என்றாள். பள்ளியில் அப்படி ஒரு சண்டை நடந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்த வகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனிகள் முன்னால். பெயர் கொடுத்துவிட்டேன்.