2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: 2014 பிரதி கையில் இருப்பவர்கள் வாங்கலாமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2014 ஆகஸ்டில் வந்தது, 320 பக்கம். அதைத் திருத்தி எழுதிய புத்தகம் 2024 செப்டம்பரில் வெளியானது. 384 பக்கம், விலை 49.99 டாலர். வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இதை ஆறாம் பதிப்பு என்று சொல்வதில்லை. பழைய சாகசங்களோடும் பழைய சப்கிளாஸ்களோடும் (கேரக்டர் வகுப்புகளின் உட்பிரிவுகள்) ஒத்துப்போகும் என்கிறது. ஒத்துப்போகும்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. புதிதாக கேம்பெய்ன் (பல அமர்வுகளில் தொடரும் கதை) தொடங்குகிறவர்கள் தயங்காமல் 2024க்குப் போகலாம். பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும் 2014 கேம்பெய்னை மட்டும் நடுவில் மாற்ற வேண்டாம்.

புதிய புத்தகத்தை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், அது வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கென்று தனிக் குணம். 2014ல் ஃபைட்டரின் (போர்வீரர் வகுப்பு) முறை வந்தால் 'அடிக்கிறேன், மறுபடி அடிக்கிறேன்' என்பதோடு கதை முடிந்தது. எந்த ஆயுதம் என்பது சேதப் பகடையை மட்டுமே மாற்றியது. இப்போது ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எட்டு குணங்களில் ஒன்று உண்டு. கிரேட்ஸ்வோர்டின் கிரேஸ், அடி தவறினாலும் பலத்தின் மாடிஃபையர் அளவுக்குச் சேதம் தரும். லாங்ஸ்வோர்டின் சாப், எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது; அட்வான்டேஜ் என்றால் கூடியதை) கொடுக்கும். லாங்போவின் ஸ்லோ பத்து அடி வேகத்தைக் குறைக்கும். மறைந்து தாக்கும் ரோக் வகுப்புக்கு லாபம் இன்னும் அதிகம். ஷார்ட்ஸ்வோர்டோடு டாகரைச் சேர்த்துப் பிடித்தால், டாகரின் நிக் காரணமாக இரண்டாவது அடி போனஸ் ஆக்ஷனை (ஒரு முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) தின்னாது. கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கு இரண்டு வாய்ப்பு, அதற்குமேல் மிஞ்சிய போனஸ் ஆக்ஷனில் கன்னிங் ஆக்ஷன் போட்டு நழுவவும் வழி.

தொல்லை தருவது, அடிபட்டவரைத் தரையில் வீழ்த்தும் டாப்பிள். ஐந்தாம் லெவல் ஃபைட்டர், பலம் 18, கையில் மால் என்ற பெரிய சுத்தி. எதிரி தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவில் எட்ட வேண்டிய எண் 8 + 4 (பலம்) + 3 (லெவலுக்கான ப்ரொஃபிஷியன்சி) = 15. எதிரே ஓகர் என்ற ராட்சதன், அதன் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +3. 20 முகப் பகடையில் 11 வரை விழுந்தால் ஓகர் தரையில், அதாவது 55 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடி விழும் ஒவ்வொரு முறையும் ஒரு சேவிங் த்ரோ. இன்னொரு ஆக்ஷன் தரும் ஆக்ஷன் சர்ஜ் போட்டால் நான்கு வரை போகும். மேசை மெதுவாவது இங்கேதான். எண் 15ஐ ஒரு அட்டையில் எழுதி டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) முன்னால் வைத்துவிடுங்கள். தாக்குதல் பகடையை ஆட்டக்காரர் உருட்டும்போதே டிஎம் சேவிங் த்ரோ பகடையையும் உருட்டட்டும். ஓகர் ஏற்கெனவே விழுந்திருந்தால் உருட்டவே தேவையில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் சண்டை நடுவில்தான் தெரியும். விழுந்துகிடப்பவனை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால் அட்வான்டேஜ், தள்ளி நின்று அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். குழுவில் இரண்டு வில்லாளிகள் இருந்தால் டாப்பிள் போடும் ஃபைட்டர் அவர்கள் வாயில் மண்ணைப் போடுகிறார் என்று அர்த்தம். ஃபைட்டருக்கு அடுத்த முறையே ஓகருடையது என்றால், அது பாதி வேகத்தைச் செலவழித்து எழுந்துவிடும். கூட்டாளிகள் யாருக்கும் பயனில்லை. இனிஷியேட்டிவ் வரிசையை (யாருக்குப் பிறகு யார் முறை) பார்த்துவிட்டு ஆயுதத்தை எடுங்கள்.

பாலடின் (புனிதப் போர்வீரர் வகுப்பு) ரசிகர்கள் கோபப்படுவது நியாயமா? ஓரளவு. அடியோடு தெய்வீகச் சேதம் சேர்க்கும் டிவைன் ஸ்மைட் இப்போது ஒரு ஸ்பெல் (மந்திரம்). போனஸ் ஆக்ஷன் வேண்டும், ஒரு முறைக்கு ஒன்றுதான். ஒரே முறையில் இரண்டு ஸ்மைட்டை இறக்கி முதலாளி அசுரனை முடித்த காலம் போய்விட்டது. சமநிலைக்கு இது சரியான வெட்டுதான். தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸையும் போனஸ் ஆக்ஷனாக்கியதால் இரண்டும் மோதிக்கொள்வதுதான் எரிச்சல். ரேஞ்சருக்கு நடந்தது அதைவிட மோசம். முழு வகுப்பையும், குறிவைத்த எதிரிக்குக் கூடுதல் சேதம் தரும் ஹன்டர்ஸ் மார்க் என்ற ஸ்பெல்லைச் சுற்றிக் கட்டிவிட்டு, 20வது லெவலில் அதன் பகடையை டி6லிருந்து (ஆறு முகம்) டி10 (பத்து முகம்) ஆக்குகிறார்கள். சராசரியாக 2 புள்ளி கூடுகிறது. இருபது லெவல் ஏறி வந்தவனுக்கு இதுவா பரிசு?

ஸ்பெல் பகுதியில் பழையதைத் தேடவே தோன்றாது. 2014ன் கான்ஜர் அனிமல்ஸில் எட்டு ஓநாய்களை வரவழைத்தால், பேக் டாக்டிக்ஸ் தரும் அட்வான்டேஜோடு ஒரு சுற்றுக்கு 16 டி20 உருள வேண்டும். மற்றவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். 2024ல் அது நகரும் ஒரு ஆவிக்கூட்டம். அருகே சிக்குபவர் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவில் தவறினால் 3டி10 சேதம், அவ்வளவுதான். க்யூர் வூண்ட்ஸ் 1டி8லிருந்து 2டி8 ஆகியிருக்கிறது. ஆள் விழுந்த பிறகுதான் குணப்படுத்துவது என்ற பழைய பழக்கம் இதனால் கொஞ்சம் குறையும்.

இனி கலப்படம், அதாவது பழைய விதிகளையும் புதியவற்றையும் சேர்த்து ஆடுவது. மிக அதிகமாக நடக்கும் தவறு ஏபிலிட்டி ஸ்கோர்களில் (பலம் போன்ற அடிப்படை எண்கள்). 2014ல் +2, +1 இனத்திலிருந்து வந்தது. 2024ல் பேக்கிரவுண்டிலிருந்து (கேரக்டரின் முன்கதை) வருகிறது. புதிய புத்தகத்தில் இல்லாத ஹாஃப் எல்ஃபைப் பழையதிலிருந்து எடுத்து, புதிய பேக்கிரவுண்டையும் சேர்த்தால் இரட்டை வரவு. விதி தெளிவானது: பழைய இனத்தின் கூடுதல் எண்களை விட்டுவிட வேண்டும். பழைய பேக்கிரவுண்ட் என்றால், எண்களை நீங்களே பிரித்துக்கொண்டு ஓர் ஆரிஜின் ஃபீட்டையும் (தொடக்கத்தில் பெறும் சிறப்புத் திறன்) சேர்த்துக்கொள்ள வேண்டும். சப்கிளாஸ் எல்லோருக்கும் மூன்றாம் லெவலில்தான். பழைய கிளெரிக் டொமைன் (கிளெரிக் வகுப்பின் சப்கிளாஸ்) முதல் லெவலில் தருவதெல்லாம் மூன்றில் சேர்ந்து வரும்.

டிஎம்மைக் கவிழ்க்கும் கலப்படம் வேறொன்று: எதிரிகளின் எண்ணிக்கை. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் கணக்கில், மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் அவர்களின் மொத்த எக்ஸ்பியை (அனுபவப் புள்ளி) இரண்டால் பெருக்க வேண்டும். 2024 கைடில் அந்தப் பெருக்கல் இல்லை. ஐந்தாம் லெவலில் நான்கு பேர் என்றால், மிகக் கடினமான சண்டைக்கு வைத்த பழைய 'டெட்லி'க்கும் புதிய 'ஹை'க்கும் எல்லை ஒன்றுதான், ஆளுக்கு 1,100, மொத்தம் 4,400. ஓகர் ஒன்றுக்கு 450. பழைய கணக்கில் நான்கு ஓகர் போதும், ஐந்து வந்தாலே எல்லை தாண்டிவிடும். புதிய கணக்கில் ஒன்பது! 2014 கேரக்டர்களை வைத்துக்கொண்டு புதிய கணக்கைப் போட்டால் குழு மொத்தமும் காலி. மறுபக்கம், 2024 கேரக்டர்களுக்கு எதிரே பழைய மான்ஸ்டர் மானுவலின் எதிரிகளை நிறுத்தினால் சண்டை சப்பென்று முடிந்துவிடும். சாதாரண காப்ளினுக்கே அதில் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 7. புதியதில் காப்ளின் வாரியருக்கு 10.

புத்தகத்தின் மோசமான பத்தி, ஒளிந்துகொள்வதற்கான ஹைட். மறைவில் இருந்து ஸ்டெல்த்தில் 15 எடுத்தால் 'இன்விசிபிள்' நிலை கிடைக்கும் என்கிறது. அதன் பிறகு அந்த ரோக் வெளிச்சமான தாழ்வாரத்தில் காவலன் கண்முன்னே நடந்துபோனால் என்ன ஆகும்? கண்டுபிடிக்கும்வரை மறைந்திருப்பார் என்று ஒரு சாராரும், கண்ணில் பட்டதே கண்டுபிடித்ததுதான் என்று இன்னொரு சாராரும் படிக்க இடமிருக்கிறது. முதல் நாளே டிஎம் ஒன்றைத் தீர்மானித்துச் சொல்லிவிடுவது நல்லது. மற்றபடி, பின்னால் இருக்கும் விதிகளின் அகராதி தங்கம். கிராப்பிள், ப்ரோன், கவர் எல்லாம் அகரவரிசையில் ஒரே இடத்தில். 2014 புத்தகத்தில் இதற்காக மூன்று அத்தியாயம் புரட்ட வேண்டியிருந்தது.

பழைய கேம்பெய்னை மாற்றாமல் இரவல் வாங்கக்கூடியவையும் உண்டு. போஷன் குடிப்பது போனஸ் ஆக்ஷன். எக்ஸாஷன் (களைப்பு) ஒவ்வொரு படிக்கும் டி20 சோதனைகளில் −2, வேகத்தில் ஐந்து அடி குறைவு, ஆறாவதில் மரணம். சர்ப்ரைஸ் ஆனவர்கள் முறையை இழக்காமல் இனிஷியேட்டிவை மட்டும் டிஸ்அட்வான்டேஜோடு உருட்டுவார்கள். இம்மூன்றும் 2014 கேரக்டர் ஷீட்டில் ஒரு கோடுகூட மாற்றாமல் உட்கார்ந்துவிடும். வெப்பன் மாஸ்டரியைத் தனியாக இரவல் வாங்க வேண்டாம். கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டின் பழைய −5/+10 (தாக்கும் பகடையில் −5, சேதத்தில் +10) இருக்கும் மேசையில் அதைச் சேர்த்தால், டாப்பிள் தரும் அட்வான்டேஜ் அந்த −5ஐ ஈடுகட்டிவிடும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பணம் கொடுக்கும் முன், அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.2ஐப் பதிவிறக்குங்கள். 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, இலவசம். பன்னிரண்டு வகுப்புகளும் தலா ஒரு சப்கிளாஸோடு இருக்கின்றன; அச்சுப் புத்தகத்தில் தலா நான்கு. வெப்பன் மாஸ்டரி முழுவதும் உண்டு. ஒன்பது இனம், நான்கு பேக்கிரவுண்ட். சோல்ஜர் பேக்கிரவுண்டில் ஒரு ஃபைட்டரை உருவாக்கி, மூன்றாம் லெவலில் சாம்பியன் ஆகும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.