ஐஸ் டேங்கா, உப்புக் கரைசலா?

கூடத்துக்குள் வரும் ஈரக் காற்றை உலர்த்தும் திறனை ஐஸாகச் சேமிப்பதா, ஈரத்தை உறிஞ்சும் உப்புக் கரைசலாகச் சேமிப்பதா? சென்னையில் 33 டிகிரி வெயிலும் 65% ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கிலோ காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் 10 கிராம் போதும். மணிக்கு 1,000 கன மீட்டர் வெளிக்காற்று இழுக்கும் கூடத்தில் ஆறு மணி நேரத்துக்குப் பிழிந்தெடுக்க வேண்டிய தண்ணீர் 76 கிலோ; ஏறக்குறைய 52 யூனிட் (கிலோவாட்-மணி) குளிர்ச்சி. இதை முன்கூட்டியே சேமிக்க, போகும்போதைவிட 8 டிகிரி சூடாகித் திரும்பும் குளிர்நீர் என்றால் 5,500 லிட்டர் தொட்டி வேண்டும். ஐஸ் என்றால் சுமார் 1,000 லிட்டர். 43 சதவீத லித்தியம் குளோரைடு கரைசல், 36 சதவீதமாக நீர்த்துப்போகும்வரை பயன்படுத்தினால், 305 லிட்டர்!

ஐஸ் பிடிக்க சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பூஜ்யத்துக்குக் கீழே ஓட வேண்டும், கரண்ட் கூடும்; தொட்டிக்கு இன்சுலேஷன் வேண்டும், இருந்தும் உருகும். கரைசலை மூடிய பிளாஸ்டிக் டேங்கில் மாதக்கணக்கில் வைத்தாலும் வீரியம் குறையாது. ஆனால் அது ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். காற்றின் சூட்டைக் குறைக்க சில்லர் தேவை. ஈரத்தைப் பிழியும் வேலை அதற்கு இல்லாததால் 7 டிகிரிக்குப் பதில் 15 டிகிரி நீர் போதும் என்பதே லாபம். ஈரத்தை இழுக்கும்போது கரைசல் சூடாகும், அதைத் தணிக்க, வெளிக்காற்றில் நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவரும் வேண்டும்.

நீர்த்த கரைசலை மறுபடி கெட்டியாக்க 70 டிகிரி வெப்பம் வேண்டும், இந்த அளவுக்கு 85 யூனிட் போல. நீரைச் சுடவைக்கும் சூரியத் தகடு என்றால் 40 சதுர மீட்டர் கூரை போய்விடும். ஜெனரேட்டர் இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூடாகும் ஜாக்கெட் நீரின் வெப்பம் வீணாகப் போகும் இடத்தில்தான் கணக்கு இனிக்கும்.

லித்தியம் குளோரைடின் விலைக்குப் பயந்து கால்சியம் குளோரைடுக்குப் போகிறவர்கள் அதிகம். 42 சதவீதத்திலேயே அதன் சமநிலை ஈரப்பதம், அதாவது காற்றை அது உலர்த்தக்கூடிய எல்லை, 30% அருகில் நிற்கிறது. டவர் நீரால் 32 டிகிரிக்குக் குளிர்ந்த கரைசல், கொஞ்சம் நீர்த்ததுமே காற்றை 10 கிராம் வரை உலர்த்த முடியாது. சில்லர் நீரால் இன்னும் குளிர்விக்கலாம்தான். 20 டிகிரியை நெருங்கினால் கெட்டிக் கரைசல் படிகமாகிக் குழாயை அடைக்கும்.

இரண்டு உப்புமே இரும்பையும் செம்பையும் தின்னும். குழாய் பி.வி.சி., தொட்டி பாலிபுரோப்பிலீன், வெப்பமாற்றி டைட்டானியம். துளித்தடுப்பான் இல்லாமல் ஃபேனை வேகப்படுத்தினால் உப்புத்துளி டக்ட்டுக்குள் போய்த் தகரத்தை ஓட்டையாக்கும்.

கெட்டியும் நீர்த்ததும் ஒரே தொட்டியில் கலந்தால் சேமித்தது பாழ். இரண்டு தொட்டி வையுங்கள். நீர்த்தது 380 லிட்டராக உப்பும், அதற்கும் இடம் விடுங்கள். 25 டிகிரியில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) 1.27 காட்டினால் லித்தியம் தொட்டி நிறைவு, 1.22-க்கு இறங்கினால் காலி.