பெட் ஸ்கேனுக்குப் போகும் முன்: "வெறும் வயிற்றோடு வாங்க" என்றதை மட்டும் நம்பி நாங்கள் பட்ட பாடு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்ததும், புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். சென்னையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லிவிட்டு, "காலைல வெறும் வயித்தோட வாங்க சார்" என்றார்கள். அவ்வளவுதான். சுகர் உண்டா, இன்சுலின் போடுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா வழக்கம்போல 7 மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. எதிரில் இருந்த ஒரு அம்மா கொடுத்த குளுக்கோஸ் பிஸ்கட்டைத் தின்ற பிறகுதான் பேச்சே வந்தது. சென்டரில் இதை அப்படியே சொன்னேன். விரலில் குத்திப் பார்த்து, "132தான், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று 9 மணிக்கு மருந்து ஊசியைப் போட்டுவிட்டார்கள்.

டாக்டர் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்சுலின் போட்டுட்டா போனீங்க?" தொடை, தோள், கை எல்லாம் கருகருவென்று இருந்தது. ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகை குளுக்கோஸ். புற்றுநோய் செல்கள் அதை அதிகமாக இழுப்பதால்தான் படத்தில் தெரிகின்றன. உடம்பில் இன்சுலின் வேலை செய்துகொண்டிருந்தால் மருந்து தசைக்குள் போய்விடும், பார்க்க வேண்டிய இடம் மங்கிவிடும். மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

சென்டரில் போய்க் கேட்டால், "சாப்பிடாம வரச் சொன்னோமே, இன்சுலின் போடச் சொன்னோமா?" என்கிறார்கள். இலவசமாகத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இதைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. அன்று மதியம் முழுக்க என் அக்காவின் 8 மாதக் குழந்தை அம்மா மடியில்தான் தூங்கியது. அம்மா உடம்பிலிருந்து வந்த கதிர்வீச்சு பயப்படும் அளவு இல்லை என்று டாக்டர் சொன்னார், சரி. ஆனாலும் அன்று ஒரு நாள் கைக்குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கி இருக்க வேண்டாம் என்று சென்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இரண்டாவது முறை வேறு இடம். முதல் நாளே கூப்பிட்டு மாத்திரை, இன்சுலின் எல்லாம் கேட்டார்கள். காலை 6 மணிக்கு இன்சுலின் போட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பிறகு தண்ணீர் மட்டும் குடித்து மதியம் வரச் சொன்னார்கள். இன்சுலினுக்கும் இந்த ஊசிக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரமாவது வேண்டுமாம். சுகர் 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிவைத்துவிடுவார்கள். ஊசிக்குப் பிறகு மங்கலான அறையில் போர்வை போர்த்தி ஒரு மணி நேரம் படுக்கவைத்தார்கள். பேசக்கூட வேண்டாம், அசையும் தசைக்கு மருந்து போய்விடும் என்றார் அந்த நர்ஸ். சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் ஸ்கேன் அரை மணி நேரத்தில் முடிந்தது. "நிறைய தண்ணி குடிங்கம்மா, 110 நிமிஷத்துக்கு ஒரு தடவை மருந்தோட வீரியம் பாதியாகும், ராத்திரிக்குள்ள பெரும்பாலும் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

எல்லா ஸ்கேனுக்கும் இதே விதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமா அதற்கும் பட்டினியாகப் போய்த் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

நேரம் வாங்கும்போதே நோய், மருந்து எல்லாவற்றையும் நீங்களாகவே சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் அந்த முதல் சென்டர்காரர்கள் இப்படிப் பேசுகிறார்கள். இருக்கிற ரசீதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.