டிஸ்க்பார்ட்டா, ரெஜிஸ்ட்ரியா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அக்கா, மகளின் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்தார். எதை எழுதப் போனாலும் ‘ரைட் புரொடெக்டட்’, அதாவது எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறது, என்றது விண்டோஸ். இதற்கு டிஸ்க்பார்ட், ரெஜிஸ்ட்ரி என்று இரண்டு வழிகள் சொல்வார்கள். எதை எடுப்பது?

முதலில் வேறொரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அதிலும் எழுத முடியவில்லையா? சிக்கல் கணினியில். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்’ என்ற இடத்தில் ‘ரைட் புரொடெக்ட்’ மதிப்பு 1 என்றிருந்தால் 0 ஆக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள். அந்த இடமே இல்லையென்றால் காரணம் அதுவல்ல. அலுவலக லேப்டாப் என்றால் கை வைக்காதீர்கள், ஐடி ஆட்கள் வேண்டுமென்றே பூட்டியிருக்கலாம்.

அந்த ஒரு டிஸ்க் மட்டும் முரண்டு பிடித்தால், கட்டளை அடித்து டிஸ்க்குகளைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்தான் சரி. ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தபோது அக்காவின் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டியது. அதை வைத்தே அடையாளம் கண்டோம். பட்டியலில் அந்த டிஸ்க்குக்கு இருந்த வரிசை எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘அட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி’ என்று அடித்தோம். படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடவே சிலர் சொல்லித்தரும் ‘கிளீன்’ கட்டளையைத் தொடவே தொடாதீர்கள், டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளான பார்ட்டிஷன்களே போய்விடும்.

பென் டிரைவின் சிப் தேய்ந்து தானே பூட்டிக்கொண்டால் இரண்டும் பலிக்காது. அப்போது படிக்க முடிகிற வரை நகல் எடுத்துவிடுங்கள்.