ஷோரூம் லைட்டுல பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்றாதீங்க

என்னோட பொழப்பே குத்தம் கண்டுபிடிக்கிறதுதானுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பதினாறு வருசமா குவாலிட்டி பார்க்கறேன். டையிங்ல இருந்து வர்ற துணியை லைட் பாக்ஸுக்குள்ள வெச்சு, முதல்ல பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி65 விளக்குல, அப்புறம் கடை வெளிச்சமான டிஎல்84-ல மாத்தி மாத்திப் பார்த்து, சரக்கு வாங்கற பையர் குடுத்த நிறத்தோட, அதாவது ஷேடோட, ஒத்துப் போகுதா இல்லையான்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு விளக்குல கூடப் பொறந்தது மாதிரி இருக்கற ரெண்டு துணி, இன்னொரு விளக்குல பங்காளிச் சண்டை போட்டுக்கும். இது தெரிஞ்ச நான், பதினெட்டே முக்கால் லட்சம் குடுத்து வாங்கின எலக்ட்ரிக் காரை ராத்திரி ஏழு மணிக்கு, ஷோரூம் விளக்குக்குக் கீழ, மாலை போட்ட பானட்டை மட்டும் பார்த்துட்டு எடுத்துட்டு வந்தேன். வெக்கமாத்தான் இருக்குது. ஆனா எங்க தெருவுலயே இப்ப நாலு பச்சை நம்பர் பிளேட்டு நிக்குது, இன்னும் ரெண்டு பேர் புக் பண்ணிட்டுக் காத்திருக்காங்க. அவங்களுக்காச்சும் சொல்லணும்.

கடை பேரு போடலைங்க. போட்டா, "ஓ, அந்தக் கடையா"ன்னு படிக்கிறவங்க நிம்மதியா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல இருக்கற ஒரு ஷோரூம், அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

தை மாசம், வளர்பிறை முகூர்த்தம். காலைல பத்தரைக்கு டெலிவரின்னு சொன்னாங்க. அம்மா, வீட்டுக்காரி, பொண்ணு, காங்கேயத்துல இருந்து வந்த மாமான்னு ஒட்டுக்காக் கிளம்பிப் போயாச்சு. பத்தரைக்குப் போனா, "வண்டி பிடிஐ-ல இருக்குதுங் சார், ஒரு மணி நேரம்"னு தம்பி சொன்னாரு. அதாவது கஸ்டமருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களே பண்ற சோதனை. மத்தியானம் கேட்டா, "பாலிஷ் போயிட்டிருக்குங் சார்." நாலு மணிக்குக் கேட்டாலும் பாலிஷ். புதுக் காருக்கு எதுக்குடா அரை நாள் பாலிஷுன்னு அங்கயே கேட்டிருக்கணும். எங்க கம்பெனிக்கு ஒரு சப்ளையர், "துணி வந்துருச்சுங், ஆனா இன்னொருக்கா வாஷ் போட்டுட்டுக் குடுக்கறேன்"னு சொன்னா, அந்த லாட்டையே நான் தனியா ஒதுக்கி வெச்சுருவேன். அன்னைக்கு எனக்குப் பசி, அம்மாவுக்குக் கால் வலி.

ஏழு மணிக்குச் செவப்புத் துணியை உருவுனாங்க. ஆளுயர அட்டைச் சாவி, காகிதப் பூ வெடி, கேக்கு, போட்டோ. பொண்ணு குதிக்கறா. அந்த நேரத்துல ஒரு டேப்லெட்டை நீட்டி, "இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு, கடைசியா இங்க ஒண்ணுங் சார்." மூணாவதா நான் போட்டதுதான், வண்டியை முழுசாச் சோதிச்சுப் பார்த்து எந்தக் குறையும் இல்லாம வாங்கிக்கிட்டேங்கற கையெழுத்து. அது எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

முதல் சந்தேகம் கண்ணுல வரலைங்க, காதுல வந்துச்சு. அவினாசிக்கு முன்னாடி எண்பதுல வந்துட்டிருந்தோம். பின்னாடி இடது பக்கம் உக்கார்ந்திருந்த அம்மா, "ஏங் கண்ணு, இந்தப் பக்கம் உஸ்ஸு உஸ்ஸுங்குது?"ன்னு கேட்டாங்க. டீசல் வண்டியா இருந்திருந்தா அந்தச் சத்தம் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. எலக்ட்ரிக்ல எஞ்சின் சத்தம் இல்லாததால, கதவைச் சுத்தி இருக்கற ரப்பர் பீடிங்ல ஒரு நூல் இடைவெளி இருந்தாக்கூட காத்து சீட்டியடிக்கும். கண்ணாடி சரியா ஏறலையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்.

அடுத்த நாள் காலைல சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். புது வண்டி எடுத்தா அங்க போய் எலுமிச்சம்பழம் நசுக்காம எங்க மாமா ஏறி உக்காரமாட்டாரு. (பக்தர் கனவுல சாமி சொன்ன பொருளை வெக்கற அந்தக் கோயில் உத்தரவுப் பெட்டியில அன்னைக்கு என்ன வெச்சிருந்தாங்கன்னு பார்க்கறதுக்குள்ள எனக்கு இந்தத் தலைவலி வந்துருச்சு.) பூசை முடிஞ்சு, கதவுல வழிஞ்ச சந்தனத்தை ஈரத்துணியில தொடைச்சேன். மலை மேல பத்து மணி வெயில், சாய்வா வண்டி மேல விழுகுது. பின் இடது கதவு ஒரு நிறம், அதுக்குப் பின்னாடி இருக்கற பாடி ஒரு நிறம். வித்தியாசம் பெருசு இல்லைங்க. எங்க பாசையில சொன்னா அரை ஷேடு. ஆனா பையருக்கு அனுப்பினா அத்தனை பீஸும் திரும்பி வந்துரும். பக்கவாட்டுல நின்னு பார்த்தா ஒரு நிறம், நேரா நின்னு பார்த்தா வேற நிறம். மெட்டாலிக் பெயிண்டுல உள்ள மினுமினுப்புத் துகள் படுத்திருக்கற விதம் மாறினா இப்படித்தான் தெரியும். பானட்டுல வெயில் பட்ட எடத்துல சிலந்தி வலையாட்டம் வட்டம் வட்டமாக் கீறல். பாலிஷ் மெசினை அவசரத்துல ஓட்டினா வர்றது. ஷோரூமை விட்டு வரும்போது அது எதுவும் தெரியலை, ஏன்னா மேல வேக்ஸு. கழுவக் கழுவ வேக்ஸு போயிடும், கீறல் போகாது.

சங்ககிரியில எங்க மச்சான் லாரிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை மைக்ரான் மீட்டரோட வந்தாரு. தகடு மேல வெச்சா, பெயிண்டு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனம்னு காட்டற சின்னக் கருவி. கார் கம்பெனியில அடிச்ச பெயிண்டு பொதுவா 80-ல இருந்து 150-க்குள்ள இருக்கும். கூரையில 108. பானட்டுல 112. முன் கதவுல 115. பின் இடது கதவுல வெச்சதும் 262, கொஞ்சம் கீழ 287. மச்சான் ஒண்ணும் பேசாம கதவைத் திறந்து, கீல்ல இருக்கற போல்ட்டைக் காட்டுனாரு. போல்ட்டுத் தலையில பெயிண்டு உரிஞ்சு ஸ்பேனர் பிடிச்ச தடம். கருப்பு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் மடக்குனா, அடியில வெள்ளிப் பெயிண்டு தூவியிருக்குது. மூடாம ஸ்பிரே அடிச்சிருக்காங்க.

"மாப்ள, இந்தக் கதவு இறங்கி ஏறியிருக்குது. உங்க கம்பெனியில என்னமோ சொல்லுவீங்களே?"

"ஆல்டர் பீஸ். குறை தெரிஞ்சு, பிரிச்சுத் திரும்பத் தைச்சது."

"அதேதான்."

பம்பர்ல மட்டும் மீட்டர் எதுவும் காட்டலை. அது பிளாஸ்டிக், அங்க இந்தக் கருவி வேலை செய்யாது. சில வண்டியில பானட்டு அலுமினியம். அதுக்கு ரெண்டு வகைத் தகட்டையும் படிக்கிற மீட்டர் வேணும். கருவி வாங்கறவங்க இதைக் கேட்டு வாங்குங்க.

திங்கக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். ரெண்டு மாசமா "அண்ணா, அண்ணா"ன்னு தினம் கூப்பிட்ட சேல்ஸ் தம்பி அதுக்கப்புறம் போனை எடுக்கலை. சர்வீஸ் மேனேஜர் நல்லவர்தான், காப்பியெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. "இதெல்லாம் வண்டி வர்ற வழியில சகஜமுங் சார். ரப்பிங் போட்டு டெஃப்லான் கோட்டிங் இலவசமா அடிச்சுக் குடுத்தர்றோம்"னாரு. ரப்பிங்னா என்னங்க? நிறத்துக்கு மேல காப்பா இருக்கற நிறமில்லாத பூச்சை, கிளியர் கோட்டை, கொஞ்சம் தேய்ச்சு எடுக்கறது. அதோட கனமே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். கீறலை அழிக்கறேன்னு அதையும் தேய்ச்சுட்டா வெயிலுக்கு என்ன மிஞ்சும்? நான் மீட்டர் கணக்கைக் காட்டினதும் பேச்சு மாறிச்சு. "அப்படின்னா கதவை மறுபடியும் முழுசா அடிச்சுத் தர்றோம்." அதுக்கும் முடியாதுன்னேன். கடைசீல டேப்லெட்டை எடுத்துக் காட்டுனாரு. என் கையெழுத்து.

ஏன் மறுபடியும் அடிக்க வேண்டாம்னு சொன்னேன்னு நிறையப் பேரு கேட்டாங்க. தொழிற்சாலையில வெறும் தகடா இருக்கும்போதே, ஒயரு, சீட்டு, பேட்டரி எதுவும் ஏத்தறதுக்கு முன்னாடி, 140 டிகிரி பக்கம் சூட்டுல பெயிண்டைச் சுடறாங்க. முழு வண்டியை அந்தச் சூட்டுல வைக்க முடியாது. பட்டறையில பெயிண்டு அடிக்கற அறையான பூத்துல 60 டிகிரி பக்கம்தான் காய வைப்பாங்க. லித்தியம் பேட்டரிக்கு அந்த 60-ம் ரொம்ப நேரம் ஆகாது. அதனால எலக்ட்ரிக் வண்டிக்கு பூத்துல எத்தனை டிகிரி, எத்தனை நிமிசம்னு தயாரிப்பாளருங்க வரம்பு போட்டுக் குடுக்கறாங்க. கதவைக் கழட்டித் தனியா அடிச்சா அந்தப் பிரச்சினை இல்லை. ஆனா ரப்பருக்கு மேலயே ஸ்பிரே அடிச்ச கையில திரும்பவும் கதவைக் குடுக்க எனக்கு மனசு வரலை.

கார் கம்பெனிக் கஸ்டமர் கேர்ல புகார் போட்டேன். நாலாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. திரும்பப் போட்டேன், திரும்பத் தீர்த்துட்டாங்க. மூணாவது தடவை தீர்த்ததுக்கு அப்புறம்தான் பல்லடத்துல ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

அவர் சொன்னதுல எனக்குப் புதுசா இருந்தது ஒண்ணு. பெயிண்டு மட்டமா இருக்குதுங்கற வாதத்தை விட, கதவை மறுபடியும் அடிச்சதை மறைச்சு வித்தாங்கங்கற வாதம்தான் பலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல, சொல்ல வேண்டிய விவரத்தை வேணும்னே மறைக்கிறதும் சேவைக் குறைபாடுதான்னு எழுதியிருக்குதாம். குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஷோரூம் இருக்கற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் கட்டணம் 400 ரூபாய்தான். இவ்வளவு சல்லிசுன்னு தெரியாம நான் மூணு வாரம் வெசனப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன். வழக்குக்கு முன்னாடி நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு பண்ணிருங்கன்னாரு, பண்ணினேன். நோட்டீஸை டீலருக்கு ஒண்ணு, தயாரிப்பாளருக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேருக்கும் ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பினோம். ஒருத்தருக்கு மட்டும் அனுப்பினா அவங்க இவங்களைக் கை காட்டுவாங்க.

நோட்டீஸ் போய்ப் பத்தொம்பதாம் நாள் தயாரிப்பாளர் பக்கத்துல இருந்து ஒருத்தர் திருப்பூருக்கே வந்தாரு. அவரும் மீட்டரோடதான் வந்தாரு. டீலர் வண்டிகளை நிறுத்தி வெக்கற யார்டுல இன்னொரு வண்டி ரிவர்ஸ் வரும்போது கதவுல இடிச்சிருக்குது, டீலரே அடிச்சு ஏத்தியிருக்காருன்னு வாய் விட்டு ஒத்துக்கிட்டாரு. வண்டியை மாத்திக் குடுங்கன்னேன். பதிவாகி நம்பர் விழுந்த வண்டியை இனிப் புதுசுன்னு யாருக்கும் விக்க முடியாதுங்களே சார்ன்னாரு. நம்பர் முந்தின நாளே விழுந்திருந்துச்சுங்க, நான் வண்டியைக் கண்ணால பார்க்கறதுக்கே முன்னாடி.

கடைசியாக் கெடைச்சது: 45,000 ரூபாய், புது பீடிங், அந்தக் கதவுக்கு மட்டும் அஞ்சு வருசப் பெயிண்டு வாரண்டி, டெலிவரிக்கு முன்னாடியே கதவு அடிக்கப்பட்டதுன்னு டீலர் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம். பணத்தை விட அந்தக் கடிதத்துக்குத்தான் நான் ஒத்தைக்கால்ல நின்னேன். நாளைக்கு வண்டியை விக்கும்போது, "எங்கயோ இடிச்சுட்டு மறைக்கறீங்க"ன்னு வாங்கறவர் என்னையச் சொல்லக்கூடாதில்லைங்க. மச்சானுக்கு இதுல திருப்தியே இல்லை, வழக்குப் போட்டிருக்கணும்ங்கறாரு. இருக்கலாம். எங்களுக்குச் சீசன் டைமு, வாய்தாவுக்கு லீவு கெடைக்காது.

இனி எடுக்கறவங்களுக்கு. முழுப் பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி, பதிவு ஆகறதுக்கு முன்னாடி, சேஸிஸ் நம்பரை வாங்கிட்டு யார்டுலயே போய் அந்த வண்டியைப் பாருங்க. பத்து, பதினோரு மணி வெயில்ல. கழுவின வண்டியாக் கேளுங்க. தூசியும் ஏமாத்தும், வேக்ஸும் ஏமாத்தும். அவங்களோட பிடிஐ தாளைக் கேட்டு வாங்குங்க. சுத்தி ஒரே மூச்சுல, வெட்டாம, சேஸிஸ் நம்பர் தெரியற மாதிரி வீடியோ எடுத்துக்குங்க. சார்ஜ் போர்ட்டு மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடுங்க, தினமும் கை படற எடம் அது.

எல்லாத்தையும் விட முக்கியம், கீழ படுத்துப் பாருங்க. வேட்டி அழுக்கானாப் பரவாயில்லை. எலக்ட்ரிக் வண்டியில தரையே பேட்டரிதான். லோடு லாரியில ஏத்தி இறக்கும்போதோ, ஜாக்கியைத் தப்பான எடத்துல குடுத்தோ பேட்டரிப் பெட்டியில ஒரு சொட்டை விழுந்திருந்தா, அன்னைக்கு அது வெறும் கீறல். மூணு வருசம் கழிச்சுப் பேட்டரியில எதாச்சும் கோளாறு வந்து போய் நின்னா, "ஸ்பீடு பிரேக்கர்ல நீங்க இடிச்சது"ம்பாங்க. என் வண்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லிப் பார்த்தாச்சு, அடி சுத்தமாத்தான் இருக்குது. அன்னைக்குத்தான் ராத்திரி தூங்கினேன்.

குறை இருந்தா, கையெழுத்துப் போடற எடத்துலயே "பின் இடது கதவு நிற வேறுபாடு"ன்னு எழுதிட்டுப் போடுங்க. டேப்லெட்டுல எழுத எடம் இல்லைம்பாங்க. காகிதத்துல எழுதி, அவங்க சீல் வாங்கி, போட்டோ எடுத்துக்குங்க.

போன வாரம் கோபியில இருக்கற எங்க சித்தப்பா பையன் வண்டி எடுக்கப் போனான், ஈரோட்டுல வேற ஒரு ஷோரூமு. என்னையும் கூட்டிட்டுப் போனான். துணி போட்டு மூடி வெச்சிருக்குது, திரை விலக்கற நேரத்துக்கு முன்னாடி வெயில்ல எடுத்து நிறுத்த மாட்டோம், அது எங்க முறை இல்லைன்னாங்க. "சரிங்க, அப்ப முறைப்படி எப்ப வெயில்ல நிறுத்துவீங்களோ அப்பச் சொல்லுங்க, பேலன்ஸை அப்பக் கட்டறேன்"னுட்டு சோபாவுல உக்கார்ந்துக்கிட்டான். இருபது நிமிசத்துல வண்டி வெளிய வந்துருச்சு.